துணி போட்டிருந்தால் மூடியிருக்கிறது

மூன்று ஐம்பத்திரண்டுக்குச் சின்னவள் பேருந்திலிருந்து இறங்கினாள். மழை வரப்போவதுபோல் காலையிலிருந்து இருட்டிக்கொண்டே இருந்தது. வரவில்லை.

நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். அடுப்பின் இடதுபக்க பர்னர் மஞ்சளாக எரிந்து பாத்திரங்களைக் கரியாக்கிக்கொண்டிருந்தது. கரிப்பாத்திரம் தேய்ப்பது அவள் பங்கு. அதனால் தெருமுனையில் இருந்த அடுப்பு ரிப்பேர் கடைக்குள் ஏறினாள்.

கடைக்காரருக்கு ஊசி என்று பெயர் விழுந்திருந்தது. மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப்பையில் அவர் பர்னர் துளை குத்தும் ஊசியைச் செருகியிருப்பார். ஆளும் அந்த வாகுதான்.

"நேத்து வந்து சர்வீஸ் பண்ணீங்களாமே. இடது பக்கம் இன்னும் மஞ்சளாத்தான் எரியுது."

"கழுவினீங்களா?"

"கழுவினேன்."

"காய வெச்சு மாட்டினீங்களா?"

அவள் கைப்பையைத் தோள் மாற்றிப் போட்டாள்.

"ஈரத்தோட மாட்டினா அது எரியாதும்மா, அழும்." ஊசி ஒரு பழைய பர்னரைத் திருப்பி வைத்துத் தட்டினார். துரு கொட்டியது. "அத விடுங்க. டியூப் சமாசாரம் சொன்னாங்களா?"

"மாத்தணும்னு மாமா சொன்னாரு."

"அவ்வளவுதானா சொன்னாரு?" அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "அஞ்சு வருஷத்துல மாத்த வேண்டியது. உங்களுது ஏழு வருஷம். அடுப்போட சேர்ற எடத்துல வெடிப்பு விட்டிருக்கு. சோப்புத் தண்ணி தடவினேன், கொப்புளம் வந்துச்சு. முனையை வெட்டிட்டு உள்ள தள்ளி இறுக்கியிருக்கேன். அது நிக்கும், நிக்காம போகும், சொல்ல முடியாது. கம்பி போட்ட டியூப் நாளைக்குக் காலைல வந்துடும். அதுவரைக்கும் வேலை முடிஞ்சா கீழ சிலிண்டர்ல மூடிடணும். மேல திருகினா மட்டும் பத்தாது. டியூப்புல கேஸ் நின்னா கசியும்."

"ம்."

"உங்க அக்கா இருக்கற வீட்டுல எனக்கென்ன கவலை. நேத்து இதையேதான் அவங்ககிட்டயும் சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. 'சின்னவ துணிய மட்டும் போட்டுட்டு ஓடிடுவா, பஸ்ஸுக்கு நேரமாயிடும் பாவம், அவ போனப்புறம் தினம் நான்தான் மூடறேன்'னாங்க."

சின்னவள் கடையின் சுவரைப் பார்த்தாள். அங்கே டியூப்கள் வளையம் வளையமாகத் தொங்கின.

"தினமா?"

"தினமும்னுதான் சொன்னாங்க. ரெண்டு மாசமா." ஊசி பர்னரைக் கீழே வைத்தார். "ஆனா இன்னைக்குக் காலைலயே மாமனாரக் கூட்டிக்கிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னாங்களே. நீங்க மூடிட்டுதானே வந்தீங்க?"

"மூடிட்டேன்."

அந்தச் சொல் அவளைக் கேட்காமலே வந்தது.

*

அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அண்ணன் நெடுந்தூரப் பேருந்து ஓட்டுகிறவர். தம்பி லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வீட்டில் சமையலறை ஒன்று. கண்ணாடி மேடையில் நான்கு பர்னர் அடுப்பு ஒன்று. கீழ் அலமாரியில் சிலிண்டர் ஒன்று. இரண்டு மருமகள்கள், பெரியவளும் சின்னவளும்.

பதினோரு மாதத்துக்கு முன்பு சின்னவள் அடுப்பில் பால் வைத்தாள். போன் வந்தது. பேசிவிட்டு வந்தபோது பால் பொங்கி வழிந்து பர்னரை அணைத்திருந்தது. எரிச்சலோடு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். மேடையைத் துடைக்கவில்லை. குமிழைத் திருகவும் இல்லை. கால் மணி நேரம் கழித்துப் பெரியவள் வந்து லைட்டரைத் தட்டினாள். ஒரு நீலத் தாள் காற்றில் விரிந்து மடங்கியதுபோல் இருந்தது என்று பிறகு சொன்னாள். புருவம் இரண்டும் போயின. வலது முன்கை தோல் உரிந்தது.

"நான் மூடிட்டுதான் போனேன்," என்றாள் சின்னவள்.

அன்றைக்கும் அவளைக் கேட்காமல் வந்த சொல்தான். ஆனால் வந்த பிறகு அதன் மேல் ஏறி நின்றுகொண்டாள். தம்பி மனைவியை நம்பினான். அண்ணனும் தம்பி மனைவியை நம்பினார். பெரியவள்தான் குமிழைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்திருப்பாள், கொஞ்ச நாளாகவே அவளுக்கு மறதி என்று பேச்சு வந்தது. சாவியை ஒரு முறை குளிர்பெட்டியில் வைத்தாளே என்றார்கள். டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். டாக்டர் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கையில் கட்டோடு உட்கார்ந்து பெரியவள் கழித்தாள். இரண்டு வரை சரியாக வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவளோடு பேச்சை நிறுத்தினாள். சண்டை போடவில்லை. சபிக்கவில்லை. சின்னவள் பேச ஆரம்பித்தால் எழுந்து வேறு அறைக்குப் போனாள். சின்னவளின் எண் அவள் போனில் வராதபடி செய்துகொண்டாள். சின்னவள் மணி அடித்தால் மாமனார்தான் எழுந்து வந்து தாழ்ப்பாளை எடுப்பார்.

மாமனார் நடுவில் மாட்டிக்கொண்டார். "ரெண்டு நாட்டுக்கு நடுவுல நான்தான் தூதரகம்," என்பார். "சம்பளமும் கெடையாது, கொடியும் கெடையாது."

அவர் வழியாகத்தான் பெரியவளின் சட்டம் வந்தது. காலை ஏழரை வரை பெரியவள். எட்டே முக்கால் வரை சின்னவள். மாலை நாலரையிலிருந்து ஆறு வரை பெரியவள், பிறகு சின்னவள். வேலை முடிகிறவள் குனிந்து சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி அதன் மேல் நீலக் கட்டம் போட்ட துணியைப் போடவேண்டும். மாமனாரின் பழைய சட்டையில் வெட்டிய துணி. துணி போட்டிருந்தால் மூடியிருக்கிறது. அதற்கு மேல் கேள்வி இல்லை. துணியைத் தூக்கிப் பார்ப்பது, உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது. அதைச் செய்யக்கூடாது.

ஒன்பது மாதம் சின்னவள் ஒழுங்காக மூடினாள். பிறகு ரெகுலேட்டர் இறுகியது. முட்டி போட்டு, அரிசி டப்பாவை நகர்த்தி, கையை உள்ளே விட்டு, பல்லைக் கடித்துத் திருகவேண்டும். எட்டு ஐம்பத்தைந்துக்குப் பேருந்து. ஒரு நாள் துணியை மட்டும் போட்டுவிட்டு ஓடினாள். மாலையில் பெரியவள் திறந்து கிடந்ததைக் கண்டு ஏதாவது செய்வாள், தூதர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார் என்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் துணியை மட்டும் போட்டாள். அன்றைக்கும் ஒன்றும் இல்லை.

பெரியவளுக்கு நிஜமாகவே மறதிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அவளுக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

அவள் வேலையும் பார்த்துச் சொல்கிற வேலைதான். தையல் கூடத்தில் சட்டைப் பொத்தான்களைச் சோதித்து, சரியாக இருந்தால் காலரில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டவேண்டும்.

இன்று காலை ஏழே முக்காலுக்கு அவள் சமைத்துக்கொண்டிருந்தபோது மாமனார் வாசற்படியில் வந்து நின்றார். சட்டை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தயாராக இருந்தார்.

"தபால் வந்திருக்கும்மா."

"சொல்லுங்க மாமா."

"டியூப் மாத்தணுமாம். நாளைக்கு ஊசி வர்றானாம்."

"சரி."

"இன்னொன்னு இருக்கு. இன்னைக்கு மறக்காம மூடிட்டுப் போகணுமாம். கீழயே."

பெரியவள் கூடத்தில் நின்றிருந்தாள். மூன்று நாளாக ஜலதோஷம். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. உள்ளே வந்து நிற்கவும் இல்லை, வெளியே போகவும் இல்லை.

"மறக்காம மூடணுமா?" என்றாள் சின்னவள், கூடத்துக்குக் கேட்கும்படி. "மறதி எனக்கில்ல மாமா. அதையும் பதில் தபால்ல போட்டுடுங்க."

மாமனார் இரண்டு பக்கமும் பார்த்தார். "இந்தத் தபால்ல ஸ்டாம்பு இல்ல. நான் எடுத்துக்கிட்டுப் போகமாட்டேன்," என்றார்.

அவர்கள் போன பிறகு அவள் சமைத்து முடித்தாள். மழை அடிக்கும் என்று சமையலறை ஜன்னலைச் சாத்தினாள். பால்கனிக் கதவைச் சாத்தினாள். அலமாரிக்கு முன்னால் குனிந்தாள். ரெகுலேட்டரைத் தொடவில்லை. துணியை அதன் மேல் விரித்து, சுருக்கமில்லாமல் நீவிவிட்டாள். நன்றாகத் தெரியட்டும் என்று. சமையலறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள்.

*

"உங்க போன் கொஞ்சம் தரீங்களா?" என்றாள் ஊசியிடம்.

"உங்க போன் என்னாச்சு?"

"சார்ஜ் இல்ல."

அதுவும் பொய்தான். போன் கைப்பையில் முக்கால் சார்ஜோடு இருந்தது.

ஊசி கொடுத்தார். பெரியவளின் எண் மனப்பாடம். கல்யாணமான புதிதில் வழி தெரியாமல் நின்ற இடத்திலெல்லாம் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. திரும்பவும் போட்டாள். ஆஸ்பத்திரியில் சத்தத்தை நிறுத்தி வைத்திருப்பாள். அதைத் திரும்பவும் வைக்க அவள் நினைவு வைத்துக்கொள்வதில்லை. அது ஒன்றுதான் அவளுடைய உண்மையான மறதி.

"என்னம்மா, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"மூடிட்டேன்னு சொன்னீங்களே."

ஊசியின் கண் அவள் மேல் இருந்தது. சொல்லிவிடலாம். சொன்னால் கடையைப் பூட்டிக்கொண்டு கூடவே வருவார். வந்தால் பெரியவளுக்கு முன்னால் சொல்வார், மாமனாருக்கு முன்னால் சொல்வார். பிறகு அண்ணன் வந்ததும் கேட்பார். இன்றைக்கு மூடாதவள் அன்றைக்கு மூடினாளா என்று கேட்க ஒரு நிமிடம் போதும்.

"மூடிட்டேன்," என்றாள். "வரேன்."

தெருவில் முதலில் நடந்தாள். பிறகு வேகமாக நடந்தாள். மணி நாலு ஐந்து. காலையில் கண் ஆபரேஷன், மூன்று மணிக்கு அனுப்புவோம் என்று ஆஸ்பத்திரி சீட்டில் போட்டிருந்தது. சொட்டு மருந்து விட்டு, உட்காரவைத்து, வெளியே அனுப்ப நான்கு ஆகும். ஆட்டோவில் வந்தால் நாலரை. அதற்குள் தான் போய்விடலாம். ஜன்னலைத் திறந்து, பால்கனிக் கதவைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, துணியைப் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியவேண்டாம். இனிமேல் தினமும் மூடலாம். பல்லைக் கடித்துக்கொண்டு மூடலாம்.

ஏழு மணி நேரம் என்று கணக்கு வந்தது. எட்டு ஐம்பதிலிருந்து. கேஸ் காற்றை விடக் கனம், தரையில் இறங்கித் தண்ணீர் மாதிரி நிற்கும் என்று சிலிண்டர் கொண்டுவருகிறவன் ஒருமுறை சொல்லியிருந்தான். சாத்திய அறையில் முழங்கால் அளவு நிற்கிற தண்ணீர். அதற்குள் பெரியவள் நடந்து போவதுபோல் நினைத்தாள்.

ஓட ஆரம்பித்தாள்.

வீட்டுக்காரனுக்குப் போன் போட்டாள். லிஃப்ட் குழிக்குள் இருப்பான். எடுக்கவில்லை. பெரியவளின் எண்ணைத் தன் போனிலும் போட்டுப் பார்த்தாள், வீண் என்று தெரிந்தே. ஒரு மணிகூடப் போகாமல் வெட்டியது.

கட்டடத்தின் வாசலில் ஒரு ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை.

"யார இறக்கினீங்க?"

"கண்ணுல கட்டு போட்ட பெரியவரு, கூட ஒரு அம்மா. இப்பத்தான் மேல போனாங்க," என்றான் ஓட்டுநர். "ஏன், எங்கயாவது போகணுமா?"

அவள் நிற்கவில்லை.

பெரியவள் கதவைத் திறப்பாள். செருப்பைக் கழற்றுவாள். மாமனாரை நாற்காலியில் உட்காரவைப்பாள். அவர் டீ கேட்பார். எங்கே போய்விட்டு வந்தாலும் முதலில் கேட்பது அதுதான். பெரியவள் சமையலறைக் கதவைத் திறப்பாள். மூக்கு அடைத்திருக்கிறது, அவளுக்கு வாசனை தெரியாது. மாமனாருக்கோ மூக்குப்பொடியில் வாசனை போய் வருஷக்கணக்காகிறது. அந்த அறை நண்பகலிலேயே இருட்டு. இன்று இன்னும் இருட்டு. ஒரு பொறி போதும். உள்ளே கால் வைப்பதற்கு முன் அவள் கை தானாக வலது பக்கச் சுவருக்குப் போகும். ஸ்விட்ச்.

மாடிப்படியின் அடியில் மின்சாரப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. சின்னவள் நின்றாள். தங்கள் வீட்டு எண்ணைத் தேடினாள். பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். டக் என்றது.

இனி ஸ்விட்ச் போட்டாலும் ஒன்றும் இல்லை. பதினோரு மாதத்தில் அந்த அடுப்புக்காக அவள் செய்த முதல் நல்ல காரியம்.

இரண்டு மாடி ஏறினாள். வாசலில் இரண்டு ஜோடி செருப்பு கிடந்தது. மாமனாருடையது, பெரியவளுடையது. பெரியவள் செருப்பு எப்போதும்போல் சுவரை ஒட்டி நேராக இருந்தது.

அவள் கீழே குனிந்து கதவின் இடுக்கில் முகத்தை வைத்தாள். அழுகிய முட்டைக்கோஸ் வாடை. லேசாகத்தான். கூடத்தைத் தாண்டி, வாசல் வரைக்கும்.

சாவியைப் போட்டுத் திருகினாள். பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. பழக்கத்தில் விரல் அழைப்பு மணிக்குப் போய்விட்டது. அழுத்தியே விட்டாள். மணிக்குள்ளும் பொறி உண்டு. சத்தம் வரவில்லை. மின்சாரத்தைத் தானே நிறுத்தியது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

உள்ளே மாமனாரின் குரல் கேட்டது.

"ஃபேன் நின்னுபோச்சே. கரண்ட் போச்சா, இல்ல என் கண்ணுதான் போச்சா?"

"கரண்ட்தான் மாமா." மூக்கடைத்த குரல். "நாள் முழுக்க இருட்டிக்கிட்டே இருந்துச்சு. போகும்னு நெனச்சேன்."

"டீய அப்புறம் போடேன். இருட்டுல எங்கயாவது இடிச்சுக்கப் போறே."

"இதுல என்ன மாமா இருக்கு. மெழுகுவத்தி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா. மறதி வந்தவளா நான்?"

மாமனார் சிரித்தார். பெரியவளும் சிரித்தாள். பதினோரு மாதத்தில் அந்தச் சிரிப்பைக் கதவுக்கு வெளியே இருந்து கேட்பது சின்னவளுக்கு இதுதான் முதல் முறை.

மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் சமையலறையில் மேல்தட்டில் இருந்தன. விளக்கு போனால் பெரியவள் எடுப்பாள் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சின்னவளுக்கும் தெரியும். கீழே அந்தப் பிடியை இழுத்தபோது மட்டும் தெரியவில்லை.

ஓடிப்போய் மறுபடி பிடியை மேலே தள்ளலாமா. பெரியவள் ஏற்கெனவே ஸ்விட்சைப் போட்டுப் பார்த்திருந்தால், அணைக்காமல் விட்டிருந்தால். முடியாது.

உள்ளங்கையால் கதவைத் தட்டினாள்.

"யாரோ தட்டறாங்க," என்றார் மாமனார். "எழுந்து போவேன், கண்ணு தெரியலயே."

காலடிச் சத்தம் கதவை நோக்கி வந்தது. வேகமான, சின்ன அடிகள். கதவுக்கு மறுபக்கம் வந்து நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒரு சாண் தூரத்தில் கேட்டது.

"யாரு?"

பதினோரு மாதத்தில் பெரியவள் அவளை நோக்கிச் சொன்ன முதல் சொல். யாரென்று தெரியாமல் சொன்னது.

"நான்தான்."

தாழ்ப்பாளின் மேல் கை இருந்திருக்கவேண்டும். இரும்பு லேசாக அசைந்தது. பிறகு அசைவு நின்றது. காலடி திரும்பியது. வந்ததைப்போல் இல்லாமல் மெதுவாகப் போனது.

"யாரும்மா அது?"

"உங்க சின்ன மருமக. நீங்களே மெதுவா வந்து திறங்க மாமா. சுவரைப் புடிச்சுக்கிட்டு வாங்க, அவசரமில்ல."

நாற்காலி நகர்ந்தது. மாமனார் முனகிக்கொண்டே எழுந்தார். நாற்காலியிலிருந்து கதவுக்குப் பன்னிரண்டு அடி. கண்ணில் கட்டோடு பன்னிரண்டு அடி. எதிர்ப்பக்கம் சமையலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அந்தக் கீல் எப்போதும் ஒருமுறை கிறீச்சிடும். பிறகு மேல்தட்டில் டப்பாக்கள் நகர்ந்தன.

கடைசியில் தீப்பெட்டி. உள்ளே குச்சிகள் குலுங்கின. அது எந்தச் சத்தத்தோடும் குழம்பாது.

சின்னவள் இரண்டு கையையும் கதவில் ஊன்றி, வாயை இடுக்கில் வைத்தாள்.

"அக்கா, குச்சியக் கிழிக்காதீங்க. நான் துணியத்தான் போட்டேன், மூடல. அன்னைக்குப் பாலுக்கும் நான்தான் மூடல, நீங்க மறக்கல, நான்தான். அக்கா, கேக்குதா?"